ஹாஜி அலி பூட்டிய கணக்குப் புத்தகம்

1993-இல் கிரெக் மார்டென்சன் என்ற அமெரிக்க நர்ஸ் கே2 சிகரத்தில் ஏறப் போனார். உச்சியைத் தொட முடியவில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த மலையிலிருந்து உயிரோடு இறங்கி வருவதே பெரிய காரியம். இறங்குகிற வழியில் தடம் மாறிப் போனார். வழி தவறிய மற்றவர்கள் எப்படியோ வீடு போய்ச் சேர்வார்கள். இவர் பெஸ்ட்செல்லருக்குப் போய்ச் சேர்ந்தார்.

அந்தப் பெஸ்ட்செல்லரான 'திரீ கப்ஸ் ஆஃப் டீ' சொல்கிறபடி, அவர் தள்ளாடிக்கொண்டு நுழைந்த ஊர் பாகிஸ்தானின் பால்டிஸ்தானில் உள்ள கோர்ஃபே. ஊர்ப் பெரியவர் ஹாஜி அலி, உப்பும் வெண்ணெயும் போட்ட டீ கொடுத்துத் தேற்றினார். பிள்ளைகள் திறந்தவெளியில் குச்சியால் மண்ணில் எழுதிப் படித்துக்கொண்டிருந்தார்கள். மனம் இளகிய மார்டென்சன், பள்ளிக்கூடம் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்குக் கொடுக்க சிமென்ட் தேவையில்லை அல்லவா?

அமெரிக்கா திரும்பி, வாடகை டைப்ரைட்டரில் பிரபலங்களுக்கு 580 கடிதங்கள் தட்டினார். டி.வி. செய்தியாளர் டாம் புரோக்காவிடமிருந்து மட்டும் 100 டாலர் வந்தது. விஸ்கான்சினில் ஒரு பள்ளிப் பிள்ளைகள் உண்டியலை உடைத்து 62,345 பென்னிகள் கொடுத்தார்கள். 623 டாலர் 45 சென்ட். கடைசியில் ஜான் ஹோர்னி 12,000 டாலருக்குச் செக் எழுதினார். சிலிக்கான் சிப் தயாரிக்கும் முறையையே மாற்றிய விஞ்ஞானி அவர், மலைப் பித்தும் உண்டு.

ராவல்பிண்டியில் மரமும் சிமென்ட்டும் வாங்கி, லாரியில் ஏற்றி, காரகோரம் நெடுஞ்சாலையில் குலுங்கிக் குலுங்கி ஸ்கர்டு வந்தார் மார்டென்சன். அங்கே சாமானை இறக்கிவிட்டு கோர்ஃபேக்கு ஓடி நல்ல செய்தியைச் சொன்னார். ஹாஜி அலிக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இடையில் பிரால்டு ஆறு ஓடுகிறதே! மனிதர்களே கம்பியில் தொங்கும் பெட்டிக்குள் குந்தி ஆற்றைத் தாண்டுகிற இடம் அது. உத்தரக்கட்டை எப்படி வரும்? முதலில் பாலம் வேண்டும் என்றார்கள் ஊரார். கே2 ஏறக் கிளம்பியவருக்குக் காலடியில் இருந்த ஆறு கண்ணில் படவில்லை. மறுபடியும் விமானம், மறுபடியும் ஹோர்னி.

பாலம் வந்தது. கூடவே பக்கத்து ஊர்த் தலைவர் ஒருவரும் வந்தார். பள்ளிக்கூடம் நடக்க வேண்டுமானால் 12 கிடா கொடு என்றார். அந்த மலைக்காட்டில் கிடா என்பது ஒரு குடும்பத்தின் சொத்து. ஹாஜி அலி மறுபேச்சு பேசாமல் ஓட்டிக் கொடுத்தார். இந்த முழுக் கதையிலும் தன் கைப்பொருளைக் கணக்குப் பார்க்காமல் கொடுத்த ஆள் அவர்தான் என்பது என் அபிப்பிராயம்.

கட்டட வேலை தொடங்கியதும் மார்டென்சன் மேஸ்திரி அவதாரம் எடுத்தார். தூக்குக்குண்டும் ரசமட்டமும் கணக்குப் புத்தகமுமாக எல்லோர் தலைமேலும் நின்றார். பொறுத்துப் பார்த்த ஹாஜி அலி மூன்றையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிறகு உட்கார வைத்து டீ கொடுத்து, முதல் கோப்பையில் நீ அந்நியன், இரண்டாவதில் விருந்தாளி, மூன்றாவதில் குடும்பத்தான் என்று விளக்கினார். 1996-இல் பள்ளிக்கூடம் எழும்பிவிட்டது. அந்தக் கணக்குப் புத்தகத்தை மட்டும் யாரும் திருப்பி வாங்கியதாகத் தெரியவில்லை.

2006-இல் புத்தகம் வந்தது. பயங்கரவாதத்தை எதிர்த்த ஒரு மனிதர் என்று கெட்டி அட்டையில் போட்டார்கள். மெல்லிய அட்டையில் அவரே அமைதியை வளர்க்கும் மனிதர் ஆனார். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. அமெரிக்கத் தளபதிகள் படித்தார்கள். நோபல் பரிசுப் பணத்தில் ஒபாமா 1,00,000 டாலரை மார்டென்சனின் மத்திய ஆசிய நிறுவனத்துக்குக் கொடுத்தார்.

2011 ஏப்ரலில் சி.பி.எஸ். தொலைக்காட்சியும், எழுத்தாளர் ஜான் கிராகவரும் கதையைப் பிரித்து மேய்ந்தார்கள். கிராகவர் வெளியாள் அல்ல. அந்த நிறுவனத்துக்கு 75,000 டாலர் நன்கொடை கொடுத்து ஏமாந்ததாக உணர்ந்தவர். 1993-இல் மார்டென்சன் கோர்ஃபேக்குப் போகவே இல்லை, அடுத்த வருஷம்தான் போனார், முதலில் பள்ளி தருவதாகச் சொன்னது கானே என்ற வேறு ஊருக்கு என்றார் கிராகவர். நிகழ்ச்சிகளைக் கொஞ்சம் சுருக்கினோம் என்றார் மார்டென்சன். மலையைச் சுருக்க முடியாதவர் காலத்தைச் சுருக்கிவிட்டார். வஜிரிஸ்தானில் தாலிபான் தன்னைக் கடத்தியதாக மார்டென்சன் சொல்லிப் போட்ட படத்தில் துப்பாக்கியோடு நின்றவர்களில் ஒருவர், இஸ்லாமாபாத் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் வேலை பார்ப்பவர்! விருந்தாளியாக வந்தவருக்குக் காவல் நின்றோம் என்றார் அவர். மூன்றாவது கோப்பை டீ கிடைக்கவில்லை போலிருக்கிறது.

சி.பி.எஸ். போய்ப் பார்த்த சுமார் 30 பள்ளிகளில் பாதி காலியாகக் கிடந்தன, அல்லது வேறு யாரோ கட்டியவை, அல்லது நிறுவனத்தின் உதவியே பெறாதவை. மீதிப் பாதியில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கோர்ஃபே பள்ளியும் நிஜம்தான். கட்டடத்துக்கு ஒரு லாரி சிமென்ட் போதும். வாத்தியாருக்கு மாதா மாதம் சம்பளம் வேண்டும் என்பதுதான் சங்கடம். புத்தகத்துக்கு விளம்பரமும் பயணமும் வேண்டும். அதை நிறுவனமே ஏற்றுக்கொண்டது. ராயல்டியை ஆசிரியர் ஏற்றுக்கொண்டார். நன்கொடைப் பணத்தில் அந்தப் புத்தகத்தையே கட்டுக் கட்டாக வாங்கவும் செய்தார்கள்.

14 வருஷத்தில் தணிக்கை செய்த கணக்கு ஒன்றே ஒன்றுதான் வெளிவந்திருந்தது. மற்றவை கோர்ஃபே அலமாரியில் இருக்கலாம். மொன்டானா அரசின் தலைமை வழக்கறிஞர் 2012-இல் விசாரணையை முடித்து, மார்டென்சன் நிறுவனத்துக்குச் சுமார் 10 லட்சம் டாலர் திருப்பிக் கட்ட வேண்டும் என்றார். மார்டென்சன் தலைமைப் பொறுப்பை விட்டார், சம்பளத்தை விடவில்லை.

புத்தகம் வாங்கிய காசைத் திருப்பிக் கேட்டுச் சில வாசகர்கள் வழக்குப் போட்டார்கள். அதே வருஷம் நீதிபதி தள்ளுபடி செய்துவிட்டார். கிடா கொடுத்த ஊர்க்காரர்கள் யாரும் வழக்குப் போடவில்லை.