அம்மா கடந்துபோன மரம்

1963ல் எனக்கு எட்டு வயது. ஜோகூரில் ஒரு பால்மரத் தோட்டத்து லயத்தில் இருந்தோம். ரப்பர் மரத்தை நாங்கள் பால்மரம் என்போம். பள்ளி விடுமுறைக்கு அம்மா என்னைச் சிங்கப்பூரில் மாமா வீட்டுக்கு அழைத்து வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா எங்களைப் பூமலைக்குக் கூட்டிப்போனார். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்குத் தமிழர்கள் வைத்த பெயர் அது. இன்றும் அதே பெயர்தான்.

வாசலில் கச்சாங் பூத்தே என்ற வறுத்த கடலை விற்றுக்கொண்டிருந்தவரும் தமிழர். மாமா இரண்டு பொட்டலம் வாங்கினார், ஒன்று எனக்கு, ஒன்று குரங்குகளுக்கு. எனக்கு வாங்கியதையும் குரங்குகளே தின்றன. பிறகு தெம்புசு மரத்தின் தாழ்ந்த கிளையில் என்னைத் தூக்கி உட்காரவைத்தார் மாமா. பக்கத்தில் நான்கைந்து சீனப் பிள்ளைகள் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கிளை எல்லாரையும் தாங்கியது.

திரும்பி வரும் வழியில், தோட்டத்துக்குள்ளேயே, ஒரு பால்மரம் நின்றது. தெரிந்தவர் முகத்தைக் கண்டதுபோல நான் நின்றுவிட்டேன். "இத என்னத்துக்குப் பாக்கறே? தினம் இதோடதானே கெடக்கறோம்" என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். லீவு எடுத்து வந்தவருக்கு அன்றைக்கும் அந்த மரத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அம்மாவின் வேலை நேரம் இருட்டில் தொடங்கும். விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்குவார். மரத்துக்கு மரம் உளியை வைத்து, பட்டையை மெல்லிசாகச் சீவுவார். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும் ஒரே சரிவு. கோடு வழியாகப் பால் இறங்கி மங்கில் சொட்டும். ஆழமாகப் போனால் மரம் காயப்படும், கங்காணியின் வசவு விழும். மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. எத்தனை ஆழம் என்று அம்மாவுக்கு யாரும் அளந்து சொல்லவில்லை. கைக்குத் தெரியும்.

கல்யாணமாகிச் சிங்கப்பூருக்கு வந்தபின் பூமலை எனக்கு வாரக்கடைசி இடமாயிற்று. அப்போது அங்கே குரங்குகள் இல்லை. தொல்லை அதிகமாகி 1970களில் அவற்றை ஒழித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். 1984ல் புதிதாக ஒரு வெண்கலச் சிலை வந்தது, ஊஞ்சலாடும் சிறுமி. என் மகளுக்கு அப்போது நான்கு வயது. அந்தச் சிறுமி இறங்கியதும் தனக்கு முறை வரும் என்று காத்துக்கொண்டு நின்றாள். 1987ல் சைக்கிள் ஓட்டும் சிறுமி வந்தாள், 1989ல் தூளியில் படுத்திருக்கும் பெண். மூன்றையும் வடித்தவர் ஆங்கிலேயச் சிற்பி சிட்னி ஹார்ப்லி. அன்பளிப்பாகத் தந்தவர் டேவிட் மார்ஷல், சிங்கப்பூரின் முதல் முதலமைச்சராக இருந்து, அப்போது பிரான்சில் தூதராக இருந்தவர். பூங்காவில் வைக்கத் தளபதியையோ கவர்னரையோ தேர்ந்தெடுக்காமல், விளையாடும் பிள்ளைகளையும் ஓய்வெடுக்கும் பெண்ணையும் அவர் தேர்ந்தெடுத்தார். இன்று என் பேரன் அதே ஊஞ்சல்காரியின் முன்னால் நிற்கிறான். மகள் வளர்ந்துவிட்டாள். சிலைச் சிறுமிக்கு மட்டும் வயதாகவில்லை.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் பூமலையில் தொண்டூழிய வழிகாட்டியாகச் சேர்ந்தேன். என் பயிற்சி வகுப்பில் தமிழர் என்று நான் ஒருத்திதான். ஓய்வுபெற்ற பொறியாளர், தாதி, வங்கி ஊழியர், பல்கலைக்கழக மாணவி என்று பலர் இருந்தார்கள். மரங்களின் லத்தீன் பெயர்களை ஐம்பத்தேழு வயதில் மனப்பாடம் செய்தேன். நோட்டுப் புத்தகத்தில் பாதிப் பக்கம் நிறைந்தபோது ஒருநாள் ரப்பர் பாடம் வந்தது.

பிரேசிலிலிருந்து விதைகள் லண்டனின் கியூ தோட்டத்துக்குப் போய், அங்கு முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877ல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. சில இங்கே நடப்பட்டன, சில பேராக்கில் கோலகங்சாருக்குப் போயின. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1888ல், ஹென்றி ரிட்லி இந்தத் தோட்டத்தின் இயக்குநராக வந்தார். காப்பியும் மிளகும் பயிரிட்டவர்களிடம் ரப்பரைப் போடுங்கள் என்று சொல்லிச் சொல்லி, 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வாங்கினார். அதுவரை கோடரியால் கொத்தித்தான் பால் எடுத்தார்கள். மரம் சீக்கிரம் கெட்டுப்போகும். ரிட்லி பட்டையைச் சாய்வாகச் சீவி, பழைய காயத்தின் ஓரத்தையே மறுபடி மறுபடி மெல்லச் சீவும் முறையை 1890களில் இங்கே பரிசோதித்துக் கண்டார். பட்டை மீண்டும் வளர்ந்தது, பாலும் நிற்கவில்லை. விடிகாலையில் பால் நன்றாக இறங்கும் என்பதும் அவர் கண்டது.

எனக்குப் பேனா நின்றுவிட்டது. என் தாத்தாவைத் தஞ்சாவூரிலிருந்து கப்பலேற்றிய ரப்பர், அம்மாவை இருட்டில் எழுப்பிய அந்த நேரம், அவர் கையிலிருந்த அந்தச் சரிவு, எல்லாம் இந்தத் தோட்டத்தில் தொடங்கியிருக்கின்றன. அம்மா 1994ல் இறந்துபோனார். தன் வாழ்க்கை தொடங்கிய இடத்தைத் தாண்டித்தான் அன்று நடந்தோம் என்று அவருக்குத் தெரியாமலே போயிற்று. 1963ல் அதை எங்களுக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை. மரத்தில் ஒரு தகரப் பலகை இருந்திருக்கலாம். இருந்தாலும் அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

அன்றைய பூமலைக்கும் இன்றைய பூமலைக்கும் பெரிய வித்தியாசம் எது என்று கேட்டால், கதை சொல்ல இன்று ஆள் இருப்பதைத்தான் சொல்வேன். பரப்பு கூடியிருக்கிறது, உண்மை. 1995ல் தேசிய ஆர்க்கிட் தோட்டம், 2007ல் சிறுவர் தோட்டம், 2011ல் வாசலிலேயே எம்ஆர்டி, 2013ல் மரபுடைமை அருங்காட்சியகம், 2015ல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியல், 2021ல் கேலப் விரிவாக்கம் என்று வளர்ந்து இன்று 82 ஹெக்டேர். அன்று இங்கே வந்த நாங்கள் பார்த்துவிட்டுப் போனோம். இன்று கேட்டுவிட்டும் போகலாம். சனிக்கிழமை காலைகளில் இலவசமாக வழிகாட்டி உலா நடத்துகிறோம். தோட்டத்தின் உலர்தாவரக் காப்பகத்தில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட உலர்ந்த தாவர மாதிரிகள் இருக்கின்றன. அங்கே என் தோழி ஒருவர் வாரம் ஒரு நாள் உலர்ந்த கிளைகளைத் தாளில் பொருத்துகிறார். ஓர் இலை உதிராமல் ஒட்டுவதற்கு அரை மணி நேரம் ஆகும். சம்பளம் இல்லை. நூறு ஆண்டு கழித்து ஆய்வாளர் ஒருவர் அந்தத் தாளைத் திறந்து பார்ப்பார், அது போதும் என்கிறார் தோழி.

நான் உட்கார்ந்த தெம்புசுக் கிளையைச் சுற்றி இப்போது வேலி இருக்கிறது. தோட்டம் பிறந்த 1859க்கும் முந்திய மரம் அது, ஐந்து வெள்ளி நோட்டில் இருப்பதும் அதுதான். ஏறக் கூடாதா என்று பிள்ளைகள் முகம் சுளிக்கும்போது எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் வேலி சரியானது. என் தலைமுறை முழுவதும் அதன்மேல் உட்கார்ந்துவிட்டோம், கிளைக்கு வலிக்குமா என்று நாங்கள் யோசிக்கவில்லை. இனி அது ஓய்வாக இருக்கட்டும்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு விடுமுறை நாளில் தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமான வேலை செய்யும் தம்பிகள் பத்துப் பேரைத் தமிழிலேயே சுற்றிக் காட்டினேன். பால்மரத்தின் அடியில் நின்று ரிட்லியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்ற ஒருவர் முன்னே வந்தார். "எங்க ஊரு குலசேகரம் பக்கம்மா, கன்னியாகுமரி மாவட்டம். நானும் ரப்பர் வெட்டினவன்தான்" என்றார். கையில் உளி இருப்பதுபோல விரலை மடக்கி, பட்டைமேல் தொடாமல் ஒரு கோடு இழுத்தார். இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே. அம்மாவின் கை அசைந்த அதே சரிவு, அதே வேகம். மிச்சக் கதையை அவரே மற்றவர்களுக்குச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். என்னைவிட நன்றாகச் சொன்னார்.

இந்தத் தோட்டத்தின் பலகைகளில் ரிட்லியின் பெயர் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அவர் கண்ட கோட்டை லட்சக்கணக்கான மரங்களில் தினமும் இழுத்த கைகளின் பெயர்களுக்குப் பலகை இல்லை. அவற்றைச் சொல்ல மனிதர்கள்தான் வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் தமிழர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ பால் வெட்டியிருப்பார். மாதத்தில் ஒரு சனிக்கிழமையை வழிகாட்டியாகப் பூமலைக்குக் கொடுங்கள். லத்தீன் பெயர்களைத் தோட்டத்தார் கற்றுத் தருவார்கள். மிச்சத்தை உங்களால்தான் சொல்ல முடியும்.

பூமலையின் வாசல் விடிகாலை 5 மணிக்குத் திறக்கிறது. அம்மா பெரட்டுக்குக் கிளம்பிய நேரம். உள்ளே போகக் கட்டணம் இல்லை.