மூலையியல்: ஆத்தூர்த் தொலைக்காட்சித் திரையின் அடுக்குகள் குறித்த அகழாய்வு முன்னறிக்கை

கீழடிக்குப் பிறகு தமிழ்நாட்டில் குழி தோண்டாதவர் அறிஞரே அல்லர் என்றாகிவிட்டது. ஆனால் திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூரில், வீடுதோறும் கூடத்துச் சுவரில் தொங்கும் தொல்லியல் மேட்டை இதுவரை யாரும் தொடவில்லை. தணிக்கை வாரியம் ஒரு படத்துக்குக் கொடுத்த எழுத்து, ஆத்தூர்க் கூடத்துக்கு வந்து சேரும்போது எத்தனையாவது அடுக்கில் கிடைக்கிறது என்பதே நம் ஆய்வு வினா. சேலம் மாவட்டத்து ஆத்தூரும், வெற்றிலைக்குப் பேர்போன தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூரும் ஆய்வெல்லைக்குள் வாரா. அவர்கள் வேறு நெறியாளரைப் பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் வகைப்பாடு. வெகுகாலம் யு, ஏ என்ற இரண்டே எழுத்துகளோடு காலம் தள்ளிய தணிக்கை, 1983இல் யு/ஏ, எஸ் என்ற இரண்டையும் சேர்த்துக்கொண்டது.

யு: எல்லோரும் பார்க்கலாம். 2011 முதல் 2017 வரை இதன் பொற்காலம். தமிழ்ப் பெயரோடு யு சான்றிதழும் இருந்தால்தான் தமிழ்நாட்டில் கேளிக்கை வரிவிலக்கு என்றிருந்ததால், அரிவாள் பிடித்த படங்களும் பால்மணம் மாறாத முகத்தோடு வரிசையில் நின்றன. ஜிஎஸ்டி வந்து பொற்காலத்தை முடித்துவைத்தது.

எஸ்: மருத்துவர் முதலிய தனித்துறையினருக்கு. ஆத்தூரில் கண்டவர் இல்லை.

ஏ: தொலைக்காட்சியில் இதற்கு இடமில்லை. எனவே தியேட்டரில் ஏ-யாக ஓடிய படம் வெட்டுப்பட்டு, மறுபிறவி எடுத்து, யு/ஏ-யாக ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறது. வில்லனை ஏன் கொன்றார்கள் என்பது அதற்குள் விளங்காமல் போயிருக்கும். “செத்தவன் யோக்கியனா இருந்தா ஏஞ் சாகுறான்?” என்று அந்த இடைவெளியை நிரப்புவார் அப்பத்தா (அப்பத்தா, வாய்மொழி).

யு/ஏ: 2023 திருத்தச் சட்டம் இதை 7+, 13+, 16+ என மூன்றாகப் பிளந்தது. எண்கள் பெற்றோர் யோசித்து முடிவெடுப்பதற்காக மட்டுமே என்று பொறுப்பை அவர்கள் தலையில் வைத்தது. பெற்றோரோ ரிமோட்டை ஏற்கெனவே பிள்ளையிடம் ஒப்படைத்திருந்தனர். நாயகன் நாயகியை நெருங்கும் நேரத்தில் “டேய், ஒரு சொம்பு தண்ணி மோந்துட்டு வா” என்பதே ஆத்தூரில் இன்றுவரை செல்லுபடியாகும் தணிக்கை விதி (பெரியப்பா, திண்ணைப் பதிப்பு, முன்பக்கம் கிழிந்தது).

இனி அகழாய்வு. மேலடுக்கில் கிடைப்பது உள்ளூர் கேபிள்காரர் ஓடவிடும் எழுத்து: காதணி விழா வாழ்த்து, சின்னாளப்பட்டிச் சேலைக்குத் தள்ளுபடி. அடுத்தது 2011இல் மாதம் 70 ரூபாய்க்குப் புதுப்பிறவி எடுத்த அரசு கேபிள் அடுக்கு. அதற்கும் கீழே, 2012 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த புகையிலை எச்சரிக்கை.

நான்காம் அடுக்கு வலது மேல் மூலை. சேனலின் சின்னம் இங்கேதான் குடியிருக்கிறது. 1993 தமிழ்ப் புத்தாண்டில் உதித்த சன் முதல், 2007இல் அண்ணா பிறந்தநாளில் வந்த கலைஞர் வரை, மூலையைப் பார்த்தே வீட்டுக்காரர் கட்சியைச் சொன்ன காலம் ஒன்றிருந்தது. விஜய் என்ற பெயரை நடிகரோடு சேர்த்துப் பேசும் இளம் ஆய்வாளர்கள் கவனிக்க: அது மது ஆலை அதிபர் விஜய் மல்லையாவின் கையில் சேனல் இருந்தபோது சூட்டிய பெயர். 2001இல் ஸ்டார் நிறுவனம் வாங்கியது, பெயர் நிலைத்தது. ஆகவே திரையின் அடியில் “மது நாட்டுக்கு வீட்டுக்கு உயிருக்குக் கேடு” என்று ஓட, மேல் மூலையில் மது அதிபர் பெயர் மின்னும். இந்த முரணை எந்த முனைவர் பட்ட ஆய்வும் தொடவில்லை. தொட்டிருந்தால் என்னை மேற்கோள் காட்டியிருக்க வேண்டும்.

ஐந்தாம் அடுக்கில் சான்றிதழ். அதன் இடது கீழ் மூலையில், வெட்டு வாங்கிய படமானால், ஒரு முக்கோணம் இருக்கும். படம் கத்தரிக்கப்பட்டதற்குத் திரையில் கிடைக்கும் ஒரே தடயம் அதுதான். ஆத்தூரில் அதைக் கண்டவர் இல்லை. சான்றிதழ் நிற்கும் சில நொடியும் அந்த மூலையில் சேலைக் கடை நிற்கிறது. பார்க்காத பொருளைப் பற்றி நான்கு பள்ளிகள் தோன்றுவது நம் மரபு. முதல் பள்ளி: இது சிந்துவெளி முத்திரையின் நேரடி வாரிசு, அங்கும் கோடுகள் உண்டு. இரண்டாம் பள்ளி: பிற்கால இடைச்செருகல். மூன்றாம் பள்ளி மேற்படி இரண்டையும் மறுக்கிறது. தன்னை அழைக்காமல் கருத்தரங்கு நடத்தினார்கள் என்பது காரணம். நான்காம் பள்ளி: டப்பாவில் வயர் லூசு (செம்பட்டித் தேநீர்க் கடை, பெஞ்சின் வலது ஓரம், இரண்டாவது கிளாஸுக்குப் பின் கூறியது, முதல் கிளாஸின்போது கூறியதோடு முரண்படும், ஒப்புநோக்குக: போண்டா மடித்த தாள், மறுபக்கம், எண்ணெய் படாத வரிகள் மட்டும், மேலும் காண்க: அதே கடை, மாஸ்டர், கோபமாக இருந்த நாள், வெளியிடப்படாத உரை).

அடியாழத்தில், மூலைகள் தின்றது போக நடுவே மிஞ்சிய இடத்தில், படம் கிடைத்தது. விளம்பர இடைவேளை வந்துவிட்டதால் அதன் காலத்தைக் கணிக்க இயலவில்லை.

இக்கட்டுரைக்கு மறுப்பு எழுத விரும்புவோர் வழக்கம்போல் தலைப்பை மட்டும் படித்தால் போதும். அவர்களுக்கான மறுமொழியை முன்கூட்டியே எழுதி அச்சுக்கும் கொடுத்தாயிற்று.