வெள்ளையடித்த தரம்

ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்களா? அப்படியானால் யாரோ பார்க்க வருகிறார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தென்னேரி, வாலாஜாபாத் பக்கம் எந்த டீக்கடையில் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சுற்றறிக்கை தேவையில்லை. கழிவறைக் குழாயில் தண்ணீர் வந்தால் வருகிறவர் வட்டாரக் கல்வி அலுவலர். வாசல் மரங்களுக்குக் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தால் மாவட்ட அளவில் ஆள். சாலைக் குழியில் ஜல்லி விழுந்தால் சந்தேகமே வேண்டாம், அமைச்சர்தான். அதற்கு முன் இரண்டு நாள் பாடம் நடக்காது. பாடம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வருகிறார்கள் அல்லவா, அதனால்.

வந்தவர் என்ன பார்ப்பார்? பதிவேடு பார்ப்பார். வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, சத்துணவுப் பதிவேடு. ஏதாவது ஒன்றில் அடித்தல் திருத்தம் இருந்தால் விளக்கம் கேட்பார். பிள்ளைக்குப் படிக்கத் தெரியவில்லை என்பது எந்தப் பதிவேட்டிலும் அடித்தல் திருத்தமாகத் தெரியாது. ஆகவே அதற்கு விளக்கமும் தேவைப்படாது.

மாவட்டத்தில் ஒரு பள்ளி. பெயர் வேண்டாம். சொன்னால் அந்த ஒரு தலைமை ஆசிரியை மேல் நடவடிக்கை எடுத்துவிட்டு, மற்ற பள்ளிகள் எல்லாம் உத்தமம் என்று அறிக்கை விட்டுவிடுவார்கள். அங்கே ஆய்வு நடந்த அன்று நானும் இருந்தேன். முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து பாடத்தைக் கடகடவென்று ஒப்பித்தான். கைதட்டல். போன ஆய்விலும் இவன்தான் எழுந்தான் என்று சத்துணவுக்கூட ஆயா என் காதில் சொன்னார். கடைசி வரிசையில் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, நானும் வாசித்துக் காட்டுகிறேன் என்று புத்தகத்தை விரித்தாள். ஒரு வார்த்தை பிசகவில்லை. விரல் மட்டும் இரண்டு வரி பின்தங்கி ஊர்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, இது என்னம்மா என்றேன். படத்தைப் பார்த்தாள். ‘யானை’ என்றாள். நான் தொட்டது ‘மழை’. அதே நேரம் மேசையில் பார்வையாளர் பதிவேடு திறந்திருந்தது. ‘மாணவர்களின் வாசிப்புத் திறன் நன்று. வாழ்த்துகள்’ என்று அலுவலர் எழுதிக்கொண்டிருந்தார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அவர் எந்தப் பள்ளியில் படித்தாரோ, அங்கே எழுதவாவது ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த நாடகம் நமக்குப் புதிதல்ல. 1822-இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் என்று ஆட்சியர்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். செங்கல்பட்டு ஜில்லாவும் அதில் உண்டு. காஞ்சிபுரம் அப்போது அதற்குள் இருந்தது. எண்ணி முடித்துத் தொகுக்க நான்கு ஆண்டுகள். 12,498 பள்ளிகள் என்று விடை வந்தது. தாலுகாப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் ஒன்பது ரூபாய் சம்பளம் என்று மன்றோ திட்டமும் போட்டார். மறு ஆண்டே காலமாகிவிட்டார். எண்ணிக்கை மட்டும் பிழைத்துக்கொண்டது.

பிறகு இங்கிலாந்தில் 1862-இல் ஒரு விதி வந்தது. ஆய்வாளர் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார். தேறிய தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்கு மானியம். சென்னை மாகாணமும் அந்த முறையைப் பிடித்துக்கொண்டது. பலன் என்ன தெரியுமா? இங்கிலாந்தில் பிள்ளைகள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் சரளமாக வாசித்தார்கள். வெள்ளைக்காரன் அதை வெட்கக்கேடு என்று எண்ணி அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கைகழுவினான். நாம் புத்தகத்தை நேராகப் பிடிக்க வைத்திருக்கிறோம். முன்னேற்றம்தான்.

இப்போது அளவெடுப்பவர்கள் பெருத்துவிட்டார்கள். ‘அசர்’ என்றொரு ஆய்வு. பிரதம் அமைப்பின் தொண்டர்கள் கிராமத்து வீடுகளுக்கே போய், ஒரு தாளை நீட்டி வாசிக்கச் சொல்வார்கள். 2022-இல் தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. கொரோனா என்றார்கள். சரி. கொரோனாவுக்கு முன், 2018-இல்? பத்தை ஒட்டித்தான். 2024-இல் பத்தைச் சற்றுத் தாண்டியது. உடனே என்ன செய்திருக்க வேண்டும்? எங்கே ஓட்டை என்று தேடியிருக்க வேண்டும். நாம் தாளில்தான் ஓட்டை தேடினோம். கேள்வி சரியில்லை, மாதிரி சரியில்லை, முறை சரியில்லை. 2025 பிப்ரவரியில் அரசே 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்குச் சொந்தமாக ஓர் அடைவு ஆய்வு நடத்தியது. அசர் சொன்னது தப்பு என்று அதில் நிரூபணம் ஆகிவிட்டதாம். ஒன்றிய அரசுக்குத் தனியாக ஒரு தேசிய ஆய்வு. மூன்று ஆய்விலும் உட்கார்ந்த பிள்ளை ஒன்றே. ஒருவர் கணக்கில் அது தத்தளிக்கிறது, இன்னொருவர் கணக்கில் நீந்துகிறது. அதை யாரும் கரையில் ஏற்றவில்லை.

காஞ்சிபுரத்தில் பட்டு எடுக்கப் போங்கள். ஜரிகை அசலா என்று கேட்டால் கடைக்காரர் கோபிப்பதில்லை. எந்திரத்தில் வைத்தால் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று உங்கள் கண் முன்னாலேயே எண் விழும். தங்கம் இருப்பதே அரை சதவீதம்தான். அந்த அரை சதவீதத்தை ஏமாற்ற விடமாட்டோம் என்று கருவி வாங்கி வைத்திருக்கும் ஊர் இது. அந்தச் சேலையை நெய்தவர் மகள் ஐந்து வருஷம் பள்ளியில் உட்கார்ந்தாள். அவளுக்கு என்ன வந்தது என்று கேட்டால் ‘அரும்பு நிலை’ என்கிறார்கள். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். 2022 ஜூனில் தொடங்கியது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைக்கும் எழுத்தும் எண்ணும் வந்துவிட வேண்டும், 2025-க்குள் முடித்துவிட வேண்டும் என்பது குறியாக இருந்தது. திட்டத்தைக் குறை சொல்லவில்லை. வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துச் சொல்லிக்கொடு என்பது நல்ல யோசனை. ஆனால் யார் சொல்லிக்கொடுப்பது?

ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். அறுபது பிள்ளைவரை இரண்டு பேர் போதும் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஒரே ஆள், ஐந்து வகுப்பு, ஒரு கைப்பேசி. கைப்பேசிதான் முக்கியம். எமிஸ் என்ற கல்வித் துறைத் தகவல் தளத்தில் வருகை ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் செயலியில் மதிப்பீடு. நெட்வொர்க் சுற்றிக்கொண்டே இருக்கும். பிள்ளைகளும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஆசிரியரைக் கல்வி அல்லாத வேலைக்கு அனுப்பாதே என்கிறது. மூன்று விலக்கு: மக்கள்தொகைக் கணக்கு, பேரிடர், தேர்தல். கதவைச் சாத்திவிட்டு மூன்று ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தபோது ஆசிரியர்கள் பலர் படிவத்தோடு தெருத்தெருவாக அலைந்தார்கள். 1953-இல் ராஜாஜி, பள்ளி பாதி நேரம், மீதி நேரம் அப்பன் தொழில் என்றார். மாநிலமே கொதித்தது, திட்டம் அடுத்த ஆண்டே ஒழிந்தது. இன்று பிள்ளைக்கு முழு நாள் பள்ளி. ஆசிரியருக்கு மட்டும் அரை நாள் செயலி. யாரும் கொதிக்கவில்லை.

கொதிக்க வேறு விஷயம் இருக்கிறது. ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை டெல்லி நிறுத்தி வைத்தது. பிள்ளைகளின் பணத்தைப் பிணையாக வைத்துப் பேரம் பேசுவது அரசாட்சியா, அடகுக் கடையா? மூன்று மொழி வேண்டும் என்கிறது டெல்லி. இரண்டு போதும் என்கிறது சென்னை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை முதல் மொழியில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சோறு விஷயத்தில் இந்த மாநிலம் பொய் சொல்லவில்லை. 1956-இல் காமராஜர், 1982-இல் எம்.ஜி.ஆர்., 2022 செப்டம்பரில் காலை உணவு. தட்டில் உப்புமா இருந்ததா இல்லையா என்பதில் இரண்டு ஆய்வு, மூன்று கருத்து கிடையாது. சமைத்தோம், போட்டோம், சாப்பிட்டார்கள். தட்டு காலியாக இருந்தால் அன்று மாலையே ஆட்சி ஆடும். பலகை காலியாக இருந்தால் ஒரு நாற்காலிகூட ஆடுவதில்லை. அதுதான் வித்தியாசம்.

காஞ்சிபுரத்துக்காரருக்குப் பலகை காலியாக இருப்பது வயிற்றெரிச்சலான விஷயம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. கோர்வைச் சேலைக்குப் பார்டர் நாடா எறிய, தறியில் இரண்டாவதாக ஓர் ஆள் வேண்டும். வெகு காலம் அந்த ஆள் எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளை. முன்பணத்துக்கு ஈடாக உட்கார்த்தப்பட்ட பிள்ளைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் அறிக்கையே வெளியிட்டது. காஞ்சிபுரம் அதில் இருக்கிறது. அந்தப் பிள்ளையைத் தறிக்குழியிலிருந்து தூக்கி வகுப்பில் உட்கார்த்தப் பட்ட பாடு கொஞ்சமல்ல. எடுத்து உட்கார்த்தியது எதற்கு? செயலி சுற்றுவதை வேடிக்கை பார்க்கவா?

பெற்றோர் என்ன செய்கிறார்கள்? அவர்களுக்கும் ஓர் அளவுகோல் உண்டு. அதன் நிறம் மஞ்சள். காலை ஏழரைக்கு வேன் வந்து நிற்கிறது. டை, ஷூ, ஆங்கிலத்தில் வீட்டுப்பாட டைரி. அங்கே பிள்ளை படிக்கிறதா? தெரியாது. ஆனால் கழுத்தில் டை இருக்கிறது. அரசும் சும்மா இருக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அரசே கட்டணம் கட்டியது. தன் கடைச் சரக்கை வாங்காதே, எதிர்க்கடைக்குப் போ, பணம் நான் தருகிறேன் என்று சொன்ன வியாபாரி உலகத்தில் இவர் ஒருவர்தான். 2025-இல் இருநூறுக்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஒரு பிள்ளைகூட இல்லை என்று துறையே சொன்னது. காரணம்? பிறப்பு விகிதம் குறைந்துவிட்டதாம். வேனில் இடம் இல்லாமல் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து போகிற பிள்ளைகள் எந்த விகிதத்தில் பிறந்தவையோ!

அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் ஒரு தீர்ப்பு சொன்னது. உத்தரப் பிரதேசத்தில் அரசுச் சம்பளம் வாங்கும் அலுவலர், மக்கள் பிரதிநிதி, நீதித்துறையினர் எல்லோரும் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்க்க வேண்டும். ஆறு மாதத்தில் ஏற்பாடு செய் என்றது. பிள்ளைகள் இன்னும் கான்வென்ட்டில்தான் இருக்கிறார்கள். நம் ஊரில் 2011-இல் ஈரோடு ஆட்சியர் தன் மகளை ஒன்றியப் பள்ளியில் சேர்த்தார். மாநிலம் முழுக்கப் பத்திரிகைகளில் படம் வந்தது. ஓர் அரசு அதிகாரி அரசுப் பள்ளியை நம்பினார் என்பது செய்தி! ஓட்டல் முதலாளி தன் ஓட்டலில் சாப்பிட்டார் என்று தலைப்புப் போட்டால், அடுத்த நாள் அந்த ஓட்டலுக்கு யார் போவார்?

உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றிப் பேசாத மேடை இந்த மாவட்டத்தில் கிடையாது. பராந்தக சோழன் காலம், 921-ஆம் ஆண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது. அவன் உறவினரும் கூடாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் நாம் அப்படி இருந்தோம் என்று மார்தட்டிக்கொண்டே, போன வருஷக் கணக்கைக் கேட்டால் முறைக்கிறோம்.

ஆனால் கேட்கும் அதிகாரம் ஒருவர் கையில் இருக்கிறது. அவருக்கே அது தெரியாது. பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் அதன் தலைவர் ஒரு தாய். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது அவர் வேலை. நடைமுறையில் என்ன நடக்கிறது? கூட்ட நாளில் பாவு ஓட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாள் பாதியில் எழுந்து வருவார். தீர்மானம் முன்னமே எழுதித் தயாராக இருக்கும். ‘கற்றல் அடைவு திருப்திகரமாக உள்ளது என ஒருமனதாக ஏற்கப்பட்டது.’ கீழே, எங்கே போட வேண்டும் என்று பென்சிலில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. போட்டுவிட்டுத் தறிக்கு ஓடுவார்.

அம்மா, அடுத்த கூட்டத்தில் ஒன்று செய்யுங்கள். அந்தப் பெருக்கல் குறிக்கு மேல் பேனாவை வைக்கும் முன், ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையைக் கூப்பிடுங்கள். முன்வரிசைப் பிள்ளை வேண்டாம். அந்தத் தீர்மானத்தையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்தால் போடுங்கள். தடுமாறினால் பேனாவை மூடி வைத்துவிடுங்கள். கையெழுத்து இல்லாத பதிவேடு என்றால் அலுவலர் அன்றைக்கே ஓடி வருவார்.