கடல் தாண்டி வந்தால்தான் கன்று

சாலையோர நர்சரியில் ஆவாரஞ்செடி கேட்டுப் பாருங்கள். “அது தரிசுல தானா கிடக்கும் சார், காசு கொடுத்து யாரு வாங்குவா?” என்பார்கள். நியாயம்தான். கறுப்பு பாலிதீன் பையில் ஏறி விலை பெற வேண்டுமானால், செடி பிரேசிலிலோ மடகாஸ்கரிலோ பிறந்திருக்க வேண்டும்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கினார். அவரை நம் அடுக்ககப் பூங்காவுக்குக் கூட்டிவந்தால், புல்தரையைப் பார்த்துவிட்டு இரண்டே அடியில் பாட்டை முடித்துவிடுவார். அவர் பட்டியலில் முதலில் வரும் செங்காந்தள்தான் நம் மாநில மலர். ஆனால் கிழங்கில் நஞ்சாம். குடியிருப்போர் சங்கம் ஒப்புக்கொள்ளாது. வாசல் நெடுக அரளி வைத்திருப்பதும் அதே சங்கம்தான். அரளி என்ன, அமுதமா?

சீக்கிரம் பச்சை காட்டும் என்று ஊரெல்லாம் வரிசைகட்டி நட்டது, கடல் தாண்டி வந்த கோனோகார்பஸ் மரம். மகரந்தம் மூச்சை அடைக்கிறது, வேர் குழாயை உடைக்கிறது என்று புகார் கிளம்பியது. 2023-ல் குஜராத் தடை போட்டது. 2025-ல் தமிழகமும் போட்டது. பிடுங்கிய குழியை வீணாக்காதீர்கள். வனத்துறை நாற்றங்காலில் புங்கன் கேளுங்கள். அதற்குக் கடவுச்சீட்டு கிடையாது, நிழல் மட்டும் உண்டு.