காற்று யாராவது கொடுப்பார்கள்

சர்வர் மதர்போர்டைச் செய்கிறவர்களின் மனதில் ஓர் அறை இருக்கிறது. அந்த அறையில் ஜன்னல் கிடையாது, நாற்காலி கிடையாது, மனிதர்கள் கிடையாது. குளிர்ந்த காற்று முன்பக்கமாக நுழைந்து, சூடாகிப் பின்பக்கமாக வெளியேறும். எவ்வளவு இரைச்சல் போட்டாலும் கேட்க நாதியில்லை. ஆஷ்ரே என்ற அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கம் இப்படிப்பட்ட அறைகளுக்குப் பரிந்துரைக்கும் வெப்பநிலை 18 முதல் 27 டிகிரி. என் வீடு சென்னையில், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிறது. கத்திரி வெயிலில் எங்கள் ஹால் 36 டிகிரிக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. ஜன்னல் உண்டு, நாற்காலி உண்டு, மனிதர்கள் தேவைக்கு மேலேயே உண்டு.

குடும்பத்தின் புகைப்படங்களும், மகளின் ஆண்டுவிழா நடனங்களும், அம்மா பாடிப் பதிவுசெய்த பாட்டுகளும் ஆளுக்கொரு ஃபோனில் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில், நாலு ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று செத்தாலும் படம் சாகாதபடி வைக்க வேண்டும் என்பது என் ஆசை. இசட்எஃப்எஸ் என்கிற கோப்பு முறை எழுதிய ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை அத்தனையையும் முதலிலிருந்து படித்து ஒத்துப் பார்க்கச் சொல்லலாம். இதற்கு ஸ்க்ரப் என்று பெயர். அன்று இரவு நாலு டிஸ்க்கும் விடியவிடிய உழைக்கும். பெட்டி நன்றாகச் சூடேறும்.

ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர் முதல் கேள்வியிலேயே என்னை மடக்கினார்.

"சார், வீட்டுக்கா ஆபீசுக்கா?"

"வீட்டுக்குத்தான்."

"வீட்டுக்கு எதுக்கு சார் சர்வர்?"

இதே கேள்வியை மனைவி வீட்டிலேயே கேட்டிருந்தாள், ஆட்டோ செலவில்லாமல். கடைக்காரர் நல்ல மனுஷர். இன்டெலின் என்100 போட்ட குட்டி போர்டு ஒன்றை எடுத்து வைத்தார். 2023ல் வந்த சிப், கணக்குக்கு 6 வாட், ஃபேனே வேண்டாம். பத்தில் ஒன்பது வீடுகளுக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. யார் கேட்டாலும் அதையே வாங்கச் சொல்வேன். நான் மட்டும் வாங்கவில்லை. எனக்கு ஈசிசி ரேம் வேண்டியிருந்தது.

ஈசிசி என்றால், ரேமில் ஒரு பிட் தானாகப் புரண்டால் அதைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு. இது என் கற்பனைப் பயமல்ல. கூகுள் தன் சர்வர்களை வைத்து டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளரோடு சேர்ந்து 2009ல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆண்டில் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ரேம்களில் பிழை தெரிந்தது. அதே ஆய்வு, வெப்பத்துக்கும் இந்தப் பிழைகளுக்கும் பெரிய சம்பந்தமில்லை என்றும் சொன்னது. முதல் பாதியை மனைவியிடம் சொன்னேன். இரண்டாம் பாதியை, ஃபேன் வாங்குகிற செலவு இன்னும் பாக்கி இருந்ததால், சொல்லவில்லை.

இரண்டாவது காரணம் பிஎம்சி. சர்வர் போர்டில் ஓரமாக இன்னொரு குட்டிக் கணினி உட்கார்ந்திருக்கும். பெரிய இயந்திரத்தை அணைத்தாலும் இது தூங்காது. எந்த ஊரிலிருந்தும் இதன் வழியாக நுழைந்து பெட்டியை அணைக்கலாம், எழுப்பலாம், திரையில் என்ன ஓடுகிறது என்று பார்க்கலாம். இது இல்லாதவர்கள் வெளியூரில் இருக்கும்போது வீட்டுக்கு ஃபோன் போட்டு, "அந்தப் பச்சை லைட்டுக்குப் பக்கத்துல ஒரு பட்டன் இருக்கும் பாரு" என்று ஆரம்பிக்க வேண்டும். எந்தக் குடும்பமும் அந்த உரையாடலை முழுசாகத் தாங்காது.

ஆகவே சின்ன சர்வர் போர்டு. மினி ஐடிஎக்ஸ் என்ற இந்தச் சதுரம் பக்கத்துக்கு 17 சென்டிமீட்டர். தைவானின் வியா நிறுவனம் 2001ல் கொண்டுவந்தது. வந்த புதிதில் இதில் ஊர்ந்தவை பலவீனமான சிப்புகள். 2015ல் இன்டெல் ஜியான் டி வந்தபிறகு இதே சதுரத்தில் எட்டு கோர், 128 ஜிபி ரேம், பத்து கிகாபிட் நெட்வொர்க் என்று ஏற ஆரம்பித்தது. சிப்பைப் போர்டிலேயே பற்றவைத்து விடுவதால், பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்ற ஆறுதல் கிடையாது. ஒரு வகையில் நல்லது. எனக்கு அந்த ஆறுதல் இருந்தால் மாதாமாதம் மாற்றியிருப்பேன்.

பழைய போர்டு வாங்குபவர்களுக்கு இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று ரேம். ஆபீசுகள் ஓய்வு கொடுத்து அனுப்பிய சர்வர்களிலிருந்து ரெஜிஸ்டர்டு ரேம் கொட்டை பாக்கு விலைக்குக் கிடைக்கும். டிடிஆர்4 தலைமுறையில் அது எல்லா ஸ்லாட்டிலும் அழகாக உட்காரும். ஜியான் டி அதை ஏற்கும். ஜியான் இ3 போட்ட போர்டுகளோ உட்கார மட்டும்தான் விடும், இயந்திரம் எழுந்திருக்காது. இரண்டாவது பள்ளம் ஆட்டம் சி2000. ஃபேன் இல்லாமல் ஓடும், விலை கொள்ளை மலிவு, சாட்டா போர்ட்டுகள் வரிசையாக நிற்கும். இதன் கடிகார சிக்னல் நாளடைவில் நின்றுபோகலாம், நின்றால் இயந்திரம் இனி பூட் ஆகாது என்று இன்டெலே 2017ல் ஒப்புக்கொண்டது. அதே காலத்தில் சிஸ்கோவும் தன் சாதனங்களில் இருக்கும் ஒரு கடிகாரப் பாகம் ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு கைவிடக்கூடும் என்று அறிவித்தது. மலிவாக வந்த அந்தப் போர்டைக் கடைக்காரர் நீட்டியபோது, "இதுக்கு ஜாதகம் சரியில்லைங்க" என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் சிரித்தார். அவருக்கும் தெரிந்திருந்தது.

கடைசியில் நாலு கோர் ஜியான் டி, 45 வாட், ஒன்றை வாங்கினேன். பெட்டியைத் திறந்தால் சிப்பின் தலையில் அலுமினிய ஹீட்சிங்க் இருந்தது. ஃபேன் இல்லை. ஃபேன் மாட்ட இடமும் இல்லை. காற்று யாராவது கொடுப்பார்கள் என்று அது சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

அந்த யாரோ, சர்வர் அறையில் இருக்கிற நாலு சென்டிமீட்டர் ஃபேன்கள். ரேக்கில் ஒரு யூனிட் உயரம் என்பது 4.4 சென்டிமீட்டர்தான், அதற்குள் அடங்கும் ஃபேன் அவ்வளவு சின்னதாகத்தான் இருக்க முடியும். சின்ன ஃபேன் நிறையக் காற்றைத் தள்ள நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். சோதனைக்காக ஒன்றை மாட்டி ஸ்விட்ச் போட்டேன். பக்கத்து வீட்டு மாமா வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்.

ஃபேன்களுக்கு ஒரு விதி இருக்கிறது. சுற்றைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். அழுத்தம் கால் பங்காகும். தின்னும் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகும். சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். ஆகவே வீட்டுக்குப் பெரிய ஃபேனை மெதுவாகச் சுற்றவிடுவதே வழி. ஆஸ்திரியாவின் நாக்டுவா கம்பெனி தயாரிக்கும் 12 சென்டிமீட்டர் ஃபேன் ஒன்று வாங்கினேன். உலகத்தில் சத்தமே போடாத ஃபேன்களில் ஒன்று, விலையும் அதற்கேற்ப. நிறம் மட்டும் பழுப்பும் வெளிர்பழுப்பும். அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, புதுசு கிடைக்கலையா?" என்றாள்.

மாட்டினேன். அமைதி. பத்து விநாடி. பிறகு ஃபேன் உச்ச வேகத்துக்குப் பாய்ந்தது, அடங்கியது. மறுபடி பாய்ந்தது, அடங்கியது. ராத்திரி முழுக்க இதே கதை. காலையில் அம்மா காபி டம்ளரோடு வந்து, "ஹால்ல யாரோ பெருமூச்சு விடற மாதிரியே இருந்துதுடா. அப்பா வந்துட்டுப் போனாரோ என்னவோ" என்றாள்.

அப்பா இல்லை, பிஎம்சி. சர்வர் உலகத்தில் மெதுவாகச் சுற்றும் ஃபேன் என்று ஒன்று கிடையாது. நிமிஷத்துக்குச் சில நூறு சுற்றுக்குக் கீழே போனால் அது செத்துக்கொண்டிருக்கும் ஃபேன். உடனே அபாயம் என்று எல்லாவற்றையும் உச்சத்துக்கு விரட்டும். சுற்று ஏறியதும், "அடடா, உயிரோடுதான் இருக்கிறான்" என்று தளர்த்தும். தளர்ந்ததும் மறுபடி செத்துவிடுவான். ஐபிஎம்ஐ-டூல் என்ற நிரலில் ஒரே வரிக் கட்டளை கொடுத்து அந்தக் கீழ்வரம்பை இறக்கிவிட்டால் பெருமூச்சு நின்றுவிடும். இறக்கிவிட்டேன். அம்மாவுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

சத்தம் தீர்ந்தது, சூடு தீரவில்லை. ஹீட்சிங்கின் தகடுகள் முன்னிருந்து பின்னாகப் போகும் காற்றுக்காக வரிசையாக நிற்பவை. என் கேபினெட்டில் ஃபேன் இருந்ததோ பக்கவாட்டில். காற்று தகடுகளின் தோளில் இடித்துவிட்டு, வழி கேட்காமல் மேலே போய்விட்டது. தவிரவும் போர்டில் சூடாவது சிப் மட்டுமில்லை. பத்து கிகாபிட் நெட்வொர்க் சிப் கொதிக்கும். பிஎம்சியும் தன் பங்குக்குச் சில வாட்டைத் தின்றுவிட்டு அனல் விடும். சிப்புக்கு மட்டும் தலையில் ஒரு குட்டி ஃபேனைக் கட்டிவிட்டு மற்றவர்களைப் பட்டினி போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரிய ஃபேனைத் தகடுகளின் திசைக்கு இடம் மாற்றி, காற்று சிதறாமல் போர்டு முழுவதையும் தழுவிக்கொண்டு போக ஒரு குழாய் கட்ட வேண்டும்.

குழாய்க்குக் கெட்டியான அட்டை தேவைப்பட்டது. வீட்டில் இருந்ததிலேயே உயர்ந்த அட்டை, மனைவியின் சித்தப்பா மகள் கல்யாணப் பத்திரிகை. மூலையில் மஞ்சள் தடவியது. வெட்டுவதற்கு மிக உகந்த பதம். தங்க எழுத்து உலோகப் பூச்சாக இருந்தால் ஷார்ட் ஆகும் என்பதால் எழுத்துப் பக்கம் வெளியே தெரிய மடித்து ஒட்டினேன். 15 டிகிரி இறங்கியது. கல்யாணம் முடிந்து மறுவாரம் சித்தப்பா வந்தார். கேபினெட் திறந்திருந்தது. குனிந்து, முகூர்த்த நேரத்தைச் சத்தமாகப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மாப்பிள்ளை, இது..."

"பத்திரமா இருக்கட்டும்னு உள்ளே வெச்சிருக்கேன் மாமா."

அடுத்து, பெட்டியை எங்கே வைப்பது. எவ்வளவு ஃபேன் போட்டாலும் சிப்பை அறையைவிடக் குளிராக்க முடியாது. 22 டிகிரி அறையில் 60ல் இருக்கும் சிப், அதே காற்றில், அதே வேலையில், 36 டிகிரி ஹாலில் 74க்குப் போகும். பரண் என்று முதலில் சொன்னார்கள். மேல்மாடி வீட்டில் பரண் என்பது வீட்டின் மொத்த வெக்கையும் போய்ச் சேரும் இடம். நடுராத்திரி வரை தளம் அனல் கக்கும். சமையலறையில் எண்ணெய்ப் புகை தகடுகளில் படியும், அதன்மேல் தூசு ஒட்டும், பிறகு பிரஷ்ஷுக்குக்கூட அசையாது. பூஜை அலமாரியை நான் நினைத்துப் பார்த்ததோடு சரி. மிச்சமிருந்தது படுக்கையறை. ஏசி இருப்பது அங்கேதான்.

"எனக்குக் கரண்ட் பில்லைக் காட்டி 26ல வைக்கச் சொல்றீங்க. அதுக்கு மட்டும் ஏசியா?" என்றாள் மனைவி. பில் பற்றிய கணக்கையும் அவளே போட்டிருந்தாள். டிஸ்க்குகளையும் சேர்த்துச் சராசரி 40 வாட் என்றால் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 58 யூனிட். அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் பாதிக்கு மேல், யாரும் திறந்து பார்க்காத ஆண்டுவிழா வீடியோக்களுக்கு.

ஆகவே சமையலறை வாசலுக்கு வெளியே, சுவரோரம், தரையிலிருந்து முழ உயரத்தில் ஒரு பலகை. எண்ணெய்ப் புகை எட்டாது, பரண் வெக்கை இல்லை, பின்பக்கம் காற்று வெளியேற இரண்டு சாண் இடம். மே மாதத்தில் சிப் 70ஐத் தாண்டும், அது தாங்கும். ஹார்ட் டிஸ்க்குகளை 50க்குக் கீழே வைத்திருப்பதற்கே நான் அதிகம் மெனக்கெடுகிறேன்.

மார்கழி வந்தது. சென்னைக் குளிர் குளிரே அல்ல என்று மற்ற ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். இட்லி மாவுக்கு அது தெரியாது. அரைத்து வைத்தால் காலையில் வைத்தபடியே இருக்கும். ஒருநாள் காலை எழுந்து பார்க்கிறேன், சர்வருக்குப் பின்னால், கல்யாணப் பத்திரிகை வழியாக வெதுவெதுப்பான காற்று வருகிற இடத்தில், தட்டு போட்டு மூடிய மாவுப் பாத்திரம். மாவு தட்டைத் தள்ளிக்கொண்டு நின்றது.

அம்மா அதைவிட ஆச்சரியமான ஒன்றையும் கண்டுபிடித்திருந்தாள். மாதத்தின் முதல் ராத்திரி வைத்தால் மாவு இன்னும் நன்றாகப் பொங்குகிறதாம். "அன்னிக்கு மட்டும் மிஷின் நல்லாச் சுடுதுடா, என்னன்னு தெரியலை."

எனக்குத் தெரியும். இப்போது ஸ்க்ரப் மாதம் ஒருமுறை ஓடுவதில்லை. கிரைண்டர் போடுகிற சனிக்கிழமைகளில் இரவு பத்து மணிக்கு ஓடுகிறது. தங்கள் புகைப்படங்களை இவ்வளவு அடிக்கடி சரிபார்க்கிற குடும்பம் இந்தத் தெருவில் வேறு இருக்காது.