மூட்டை கட்ட ஏழு வருஷம்

கேள்வி: பெரிய கம்பெனிகள் கிளவுடுக்கு மாற ஏன் வருஷக்கணக்கில் இழுக்கின்றன? ஒரு பட்டனைத் தட்டினால் முடியாதா?

பதில்: அப்படியொரு பட்டன் இருந்திருந்தால் நெட்ஃபிளிக்ஸ் முதல் ஆளாகத் தட்டியிருக்கும்! 2008 ஆகஸ்ட்டில் அதன் டேட்டாபேஸ் பழுதாகி, மூன்று நாள் வாடிக்கையாளர்களுக்கு டிவிடி அனுப்ப முடியவில்லை. பட்டது போதும் என்று அமேசானின் கிளவுடுக்குக் கிளம்பியது. முழுதாகக் குடியேறி முடித்தது 2016 ஜனவரியில்.

பழைய சாஃப்ட்வேரை அப்படியே தூக்கிவந்தால் பழைய கோளாறும் கூடவே வரும். அதனால் ஒரே பெரிய புரோகிராமை நூற்றுக்கணக்கான சிறு சேவைகளாக உடைத்துப் புதிதாக எழுதினார்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை வேண்டுமென்றே அணைத்துப்போடும் ‘கேயாஸ் மங்கி’ என்ற புரோகிராமையும் அவிழ்த்துவிட்டார்கள். குரங்கு சேட்டை செய்த பிறகும் படம் தடைபடாமல் ஓடினால்தான் பாஸ்! இந்தத் துணிச்சலைப் பாராட்டியே ஆக வேண்டும்.

பணம் வசூலிக்கும் பகுதி கடைசியில்தான் நகர்ந்தது. கல்லாப்பெட்டியில் கை வைக்க யாருக்குத்தான் பயம் வராது?

ஃபைல்களைச் சேமித்துவைக்கும் சேவையான டிராப்பாக்ஸ் நேர் எதிர்த்திசையில் போனது. அமேசானிடம் இருந்த பயனர்களின் ஃபைல்களில் பெரும்பகுதியைச் சொந்த சர்வர்களுக்கு மாற்றிக்கொண்டது. 2016, 2017 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அதற்கு மிச்சமானது சுமார் 7.5 கோடி டாலர்!