அருவிக்குப் பம்ப் கிடையாது

குற்றாலத்தில் பேரருவி விழுகிறது, ஐந்தருவி விழுகிறது, பழைய குற்றாலம் விழுகிறது. எதற்கும் பம்ப் கிடையாது. மலைமேல் மழை பெய்தால் தண்ணீர் தானாகக் கீழே வருகிறது. நாம் தலையைக் கொடுத்தால் போதும். மோட்டார் இல்லை, ரிலே இல்லை, “ஸ்பேர் திருநெல்வேலியில இருந்து வரணும் அண்ணாச்சி” என்ற பேச்சும் இல்லை. தென்காசியில் பிறந்து இதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, பெட்ரோலை மட்டும் ஏன் ஆள் வைத்துத் தள்ள வேண்டியிருக்கிறது என்பது பெரிய மனத்தாங்கல்.

முன்பெல்லாம் பைக்குகளும் குற்றாலத்து முறையில்தான் ஓடின. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே, நடுவில் ஒரு ரப்பர் டியூப். பெட்ரோல் தன் எடையிலேயே இறங்கும். குறைந்தால் குமிழை ரிசர்வுக்குத் திருப்புவோம். அதுவும் தீர்ந்தால், சேத்தக் ஸ்கூட்டர் வைத்திருந்தவர்கள் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடிப்பார்கள். டேங்க் மூலையில் பதுங்கிக் கிடந்த கடைசிச் சொட்டும் டியூப் பக்கம் வந்து சேரும். இலஞ்சியில் நின்ற வண்டி தென்காசி பங்க் வரை வந்துவிடும். வேட்டியை மடித்துக் கட்டிய வாத்தியார் ஒருவர் நடுரோட்டில் ஸ்கூட்டரைத் தாலாட்டிக்கொண்டிருந்தால், மாதக் கடைசி வந்துவிட்டது என்று ஊருக்குத் தெரியும்.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி. புகை குறைய வேண்டும் என்று கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. இன்ஜெக்டர் பெட்ரோலைத் தூவ அழுத்தம் வேண்டும், அழுத்தத்துக்குப் பம்ப் வேண்டும். அந்தப் பம்பைக் கொண்டுபோய் டேங்குக்குள் வைத்தார்கள். இன்றைக்குப் பால்காரர் கேன் கட்டி ஓட்டும் ஸ்ப்ளெண்டருக்குள்ளும் ஒரு பம்ப் இருக்கிறது. சாய்த்தால் இறங்காது, குலுக்கினால் கேட்காது, ரிசர்வ் குமிழும் போய்விட்டது. புகை குறைவதில் எனக்கு மறுப்பில்லை. சாரல் காற்றைக் காட்டியே பிழைக்கிற ஊர்க்காரன் அதை எதிர்த்துப் பேசவும் முடியாது. பம்பை மனுஷன் கை போகிற இடத்தில் வைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

கை போகிற இடத்தில் பம்ப் இருந்த காலம் எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. என் சித்தப்பா டாக்ஸி ஸ்டாண்டில் டீசல் அம்பாசிடர் போட்டிருந்தார். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிமார்களை ஏற்றிக்கொண்டு ஆரியங்காவுக்குப் போவார். செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவில் ஏறும்போது வண்டி ரெண்டு இருமல் இருமிவிட்டு நிற்கும். “ஏர் பிடிச்சிட்டு” என்பார் சித்தப்பா. அந்தக் குரலில் கவலை இருக்காது. சாமிமார்கள் சரணம் சொல்லத் தொடங்குவார்கள். இவர் பானெட்டைத் தூக்கி, ஃபில்டர் தலையில் இருக்கும் பிளீடிங் ஸ்க்ரூவை ஸ்பேனரால் அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, இன்ஜின் ஓரத்திலுள்ள பம்பின் சின்ன லீவரைக் கட்டைவிரலால் அமுக்குவார். டக், டக், டக். ஸ்க்ரூ ஓரமாக முதலில் வெள்ளை நுரை பொங்கும். அமுக்க அமுக்க நுரை அடங்கி, முட்டை முட்டையாகக் காற்று வரும். பிறகு ஒரு முட்டைகூட இல்லாமல் டீசல் பளபளவென்று வழியும். அந்த நொடியில் ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் மறுபடி முதலிலிருந்து. இறுக்கி, செல்ஃப் அடித்தால் வண்டி கிளம்பிவிடும். சாமிமார்கள் அது சரணத்தின் பலன் என்று நினைத்துக்கொள்வார்கள். சித்தப்பா மறுத்ததில்லை, சில பேர் வாடகைக்கு மேலும் கொடுப்பார்கள்.

மொத்தச் செலவு, கை துடைக்க ஒரு கிழிந்த பனியன். ஆனால் அந்த டீசல் வாசம் இருக்கிறதே, பேரருவியில் அரைமணி நேரம் நின்றாலும் போகாது. வீட்டில் அவருக்கு ஊறுகாய் ஜாடியைத் தொட உரிமை கிடையாது.

என் கார் பெட்ரோல் வண்டி. பம்ப் பின் சீட்டுக்கு அடியில், டேங்குக்குள், பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது. சாவியைத் திருப்பியதும் இரண்டு நொடி ‘உய்ங்’ என்று ஒரு சத்தம் வருமே, அதுதான் இது. சுமார் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலை முன்னால் அனுப்புகிறது. தண்ணீராக இருந்தால் பத்து மாடி உயரத்துக்கு ஏற்றிவிடுகிற அழுத்தம். இவ்வளவு வேலை செய்கிற மோட்டாருக்குச் சூடேறும். சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அந்தச் சூட்டைத் தணிக்கிறது, உராய்வுக்கு எண்ணெயும் அதுவே. டேங்க் எப்போது பார்த்தாலும் வறண்டு கிடந்தால், அந்த மோட்டார் நாளுக்கு நாள் வெந்து சாகும்.

இங்கேதான் சீசன் உள்ளே வருகிறது. ஜூனில் சாரல் தொடங்கியதும் தென்காசிக்காரனுக்குச் சொந்தபந்தம் பெருகும். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க மறந்தவர்கள்கூட போன் போட்டு, நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே “தண்ணி விழுதா?” என்று கேட்பார்கள். வந்து இறங்கியதும் அடுத்த கேள்வி கார் சாவி. ஐந்தருவிக்கு ஒரு நடை, பழைய குற்றாலத்துக்கு ஒரு நடை, பொழுது சாய்ந்தால் பார்டர் பரோட்டாவுக்கு ஒரு நடை. சென்னையிலிருக்கும் என் மைத்துனன் சாவியைத் திருப்பித் தரும்போது, “பெட்ரோல் போட்டிருக்கேன் அத்தான்” என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வான். போட்டிருப்பது உண்மைதான், 200 ரூபாய்க்கு. இன்றைய விலைக்கு அது இரண்டு லிட்டர்கூட வராது. அதிலும் பாதி பங்கிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் தீர்ந்திருக்கும். என் கார் பம்பு பல சீசன்களாக இந்த விரதத்தில்தான் இருந்தது.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஐந்தருவிக்குப் போகும் ஏற்றத்தில், அது விரதத்தை முடித்துக்கொண்டது. முன்னால் வேன், பின்னால் பஸ், உள்ளே எண்ணெய் தேய்த்த தலைகளோடு மாமனார் வீட்டார். சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. உடனே மருத்துவர்கள் கூடிவிட்டார்கள். ஆட்டோக்காரர் பேட்டரி என்றார். பின்னால் நின்ற பஸ்ஸின் டிரைவர் இறங்கி வந்து, பிளக் என்றார். மங்குஸ்தான் விற்கிற அம்மா முன் டயரைக் குனிந்து பார்த்துவிட்டு, “எலுமிச்சம்பழம் காய்ஞ்சு போச்சுல்லா, அதான்” என்றார். மைத்துனன் செல்போனில் ஏதோ வீடியோ பார்த்து ஃப்யூஸ் என்றான். மாமனார் மட்டும், “பெட்ரோல் இருக்கா மாப்ள?” என்று கேட்டார். மைத்துனன் மலையின் அழகை ரசிக்கத் தொடங்கினான்.

மேலகரத்திலிருந்து மெக்கானிக் தம்பி பைக்கில் வந்தான். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தான்.

“சாவியப் போடுங்க அண்ணாச்சி.”

போட்டேன். ‘உய்ங்’ இல்லை.

“பம்ப் போயிட்டு” என்று அடியிலிருந்து குரல் வந்தது. பிறகு ரப்பர் சுத்தியலால் டேங்கின் அடிவயிற்றில் நாலு தட்டுத் தட்டினான். “இப்பப் போடுங்க.” ‘உய்ங்’ என்றது. வண்டி கிளம்பிவிட்டது. கூட்டம் கைதட்டியது. அவன் எழுந்து முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டே, “உள்ள கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும். தட்டுனா கொஞ்சம் ஒட்டும், அவ்வளவுதான். வழியில அணைச்சிராதீங்க, அப்புறம் நான் பொறுப்பில்ல” என்றான். மங்குஸ்தான் அம்மா புது எலுமிச்சம்பழம் ஒன்று கொடுத்தார். பத்து ரூபாய்.

வீட்டுக்கு வந்ததும், முறையாகச் செய்வோம் என்று, கம்பெனி சர்வீஸ் சென்டர் ஒன்றுக்குப் போன் போட்டேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். குளிர்ச்சியான குரலில் ஒரு பையன் பேசினான். மோட்டார் மட்டும் தனியாகக் கிடையாதாம். மோட்டார், சல்லடை, அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர், பெட்ரோல் அளவு காட்டும் மிதவை, இதையெல்லாம் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் கூடு, எல்லாம் சேர்ந்து ஒரே அசெம்பிளி. கூலி, வரி எல்லாம் சேர்த்து 12,400 ரூபாய்.

“ஸ்டாக் இருக்கா தம்பி?”

“ஆர்டர் போட்டா வந்துரும் சார்.”

“எப்ப வரும்?”

“ஆர்டர் போட்டாத்தான் சார் தெரியும்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். “பரவால்ல சார், சிஸ்டத்துல என்ட்ரி போட்டுட்டேன்” என்றான்.

மேலகரத்துத் தம்பியின் கணக்கு வேறு. செத்தது மோட்டார் மட்டும்தான்; கூடு குத்துக்கல்லாக இருக்கிறது. வெளிக்கடையில் மோட்டார் 1,850 ரூபாய், சல்லடை 250, கூலி 600. ஒரே சிக்கல், இந்த மோட்டாரில் ஒரிஜினலை விட டூப்ளிகேட் பார்க்க அழகாக இருக்கும். பெட்டி, ஸ்டிக்கர், ஹாலோகிராம் எல்லாம் கச்சிதம். “ரொம்ப பளபளன்னு இருந்தா வாங்காதீங்க” என்பது அவனுடைய தரச் சோதனை. அவனே திருநெல்வேலியில் தெரிந்த கடைக்குச் சொல்லி பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னான். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். அந்தப் பெட்டி ஆலங்குளம், பாவூர்சத்திரம் எல்லாம் பார்த்துவிட்டு, எங்கள் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிச் செங்கோட்டைக்கே போய், ராத்திரி தங்கிவிட்டு, மறுநாள் காலையில் திரும்பி வந்தது.

பம்ப் ஏன் போனது என்பதில் டீக்கடையில் ஒருமித்த கருத்து உண்டு: எத்தனால். 2030-ல் எட்ட வேண்டிய 20 சதவீதக் கலப்பை முன்னுக்கு இழுத்து 2025-லேயே எட்டிவிட்டார்கள் அல்லவா, அதிலிருந்து எங்கள் ஊரில் டயர் பஞ்சரானாலும் காரணம் எத்தனால்தான். அதற்கு ஒரு கெட்ட பழக்கம் இருப்பது உண்மை. தண்ணீரைக் கண்டால் சேர்த்துக்கொள்ளும். ஈரம் அளவை மீறிப் போனால் எத்தனாலும் தண்ணீரும் கூட்டுச் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் வாய் வைத்திருப்பதும் அங்கேதான். வருஷத்தில் மூன்று மாதம் துவைத்த துணி காயாத ஊரில் இந்தப் பழக்கம் கொஞ்சம் யோசிக்க வேண்டியதுதான். ஆனால் என் டேங்கின் அடியில் தண்ணீரும் இல்லை, எத்தனாலும் இல்லை. தங்குவதற்கு அங்கே பெட்ரோலே இருந்ததில்லை. இதை மைத்துனனிடம் சொன்னேன். “எத்தனால்தான் அத்தான், நான் படிச்சேன்” என்றான்.

தம்பி வேலை பார்க்கிற ஷெட் பிரானூர் பார்டரில், மர மில்லுக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. வேடிக்கை பார்க்க வீடே கிளம்பி வந்தது. பின் சீட்டைக் கழற்றியதும் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். பம்ப் மூடிக்கு முன்னால் எங்கள் குடும்ப வரலாறு கிடந்தது. ரம்புட்டான் தோல், கரும்பச்சைச் சீப்பு, நேந்திரங்காய்ச் சிப்ஸ், கோயில் விபூதிப் பொட்டலம், ஒரு எக்ஸ்பிரஸ் பஸ் டிக்கெட், என் மாமியாரின் கம்மல் திருகாணி. அந்தத் திருகாணியை என் வீட்டில்தான் தொலைத்ததாக அத்தை ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். இப்போது அதைத் துடைத்துக் காதில் போட்டுக்கொண்டு, “காருக்குள்ள வச்சிருந்திருக்கீங்க பாத்தீங்களா” என்றார். அடுத்து தம்பி டேங்கைத் திறந்தான். பெட்ரோல் நெடி குப்பென்று வந்ததும் கூட்டம் கலைந்து பரோட்டாக் கடைக்குள் போய்விட்டது.

நான் மட்டும் நின்றேன். பக்கத்தில் கேரளாவுக்குப் போகிற லாரிக்காரர் ஒருவர் பீடியைப் பற்ற வைக்கப் போனார், தம்பி போட்ட சத்தத்தில் தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பி, “மைக்கோவா அண்ணாச்சி?” என்று கேட்டார். மைக்கோ என்பது 1951-ல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, 2008-ல் பாஷ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. நம் பக்கத்து லாரிக்காரர்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. அவர்களுக்கு டீசல் தள்ளுகிற எதுவும் மைக்கோதான். பழைய லாரியில் அந்தப் பம்பைக் கழற்றி, தோளில் தூக்கிக்கொண்டு போய், மேடையில் ஏற்றி அளவு பார்த்து மாட்டிவிடுவார்களாம். இப்போது காமன் ரெயில். 1600 பாருக்கு மேல் அழுத்தம். தலைமுடியை விட மெல்லிய இடைவெளியில் ஓடுகிற உறுப்புகள். டீசலில் கொஞ்சம் தண்ணீர் கலந்தால் பம்பும் இன்ஜெக்டரும் சேர்ந்து போய், செலவு லட்சத்தைத் தொடும் என்றார். அவர் வண்டிக்கு அப்படி ஒரு தடவை ஆகி, முதலாளி எஸ் வளைவிலேயே உட்கார்ந்து அழுதாராம். 1,850 ரூபாய் மோட்டாரைக் கையில் வைத்துக்கொண்டிருந்த எனக்கு அவரிடம் என் கஷ்டத்தைச் சொல்ல வெட்கமாகிவிட்டது.

சுமார் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. தம்பிக்கு 2,700 கொடுத்தேன். பரோட்டாக் கடையில் 3,140. மைத்துனன் நாட்டுக்கோழி மட்டும் மூன்று பிளேட். வரும் வழியில் டேங்கை நிரப்பி, இனிமேல் சாவி கேட்பவர்கள் பாதி டேங்குக்குக் குறையாமல் திருப்ப வேண்டும் என்று அறிவித்தேன். “அத்தான் ரொம்ப மாறிட்டாங்க” என்று பின் சீட்டில் பேச்சு கேட்டது.

சில நாள் கழித்து ஒரு போன். என் மனைவி எடுத்தாள். ஸ்பீக்கரில் அதே குளிர்ச்சியான குரல்.

“மேடம், உங்க வண்டி ஃப்யூல் பம்ப் சம்பந்தமா எங்க சர்வீஸ் எப்படி இருந்தது? பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?”

“நாங்க வண்டிய அங்க விடவே இல்லியே தம்பி.”

“பரவால்ல மேடம், என்ட்ரி இருக்கு. மார்க் மட்டும் சொன்னீங்கன்னா போதும்.”

சின்னப் பையன், பாவம் என்று ஒன்பது கொடுத்தாள். போனை வைத்த பிறகு, “ஒண்ண ஏன் பிடிச்சுக்கிட்ட?” என்று கேட்டேன்.

“ஸ்பேர் இன்னும் வரலேல்லா” என்றாள்.